கை ஸ்டீயரிங்கில் இருந்தால் மட்டும் போதுமா? கடினமான சாலையில் கவனத்தைக் காக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

மலைப்பாதையில் ஒரு மழை இரவு. வைப்பர் முழு வேகத்தில் அடித்தும் முன் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. உள்பக்கம் ஆவி பிடிக்க ஆரம்பித்தது. நான் ஓட்டியது தெரிந்தவரிடம் வாங்கிய இரவல் வண்டி. கண்ணாடிக்குக் காற்றைத் திருப்ப என் வண்டியில் ஒரு பட்டன் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கைக்குத் தெரியும். இதில் பட்டனே இல்லை. நடுவில் இருந்த பெரிய திரையைத் தொட்டு, ஏசி படத்தைத் தேடி, அடுத்த பக்கம் போய், கண்ணாடி போட்ட குட்டிப் படத்தை அழுத்த வேண்டும். வண்டி குலுங்கியதில் விரல் தவறிப் பாட்டு அலறியது. அதை அடக்கிவிட்டு நிமிர்ந்தபோது வளைவு தொடங்கியிருந்தது, வண்டி நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது. எதிரே யாரும் வரவில்லை. அதனால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று என் போன் பைக்குள் இருந்தது. நான் யாரோடும் பேசவில்லை. எந்தப் போலீஸ்காரர் பார்த்திருந்தாலும் என்மேல் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அப்படியும் சாக இருந்தேன். அன்றிலிருந்துதான், வண்டிக்குள் கவனத்தைக் கெடுப்பவற்றை எப்படிக் குறைப்பது என்ற கேள்வியை வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். எந்த ஸ்டாண்டு வாங்கலாம், எந்த ப்ளூடூத் நல்லது என்று கேட்பது பாதிக் கேள்விதான். அந்த வேலையை யார் செய்வது, எப்போது செய்வது என்பது மீதிப் பாதி. எனக்கு இரண்டாவது பாதிதான் பெரிதாகப் படுகிறது.

எதை வைத்து ஒப்பிடுவது

எந்தச் சாதனமானாலும் அது நம்மிடமிருந்து மூன்றைப் பிடுங்கும்: கண், கை, மனம். நம்மில் பெரும்பாலோர் கையை மட்டும் கணக்கில் வைக்கிறோம். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். சாலைப் போக்குவரத்துக்கான 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தில் பின்னாளில் சேர்த்த பிரிவு, ஓட்டுவதைத் தவிர மற்ற செயல்களை ஓட்டுநர் எப்போதும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறது. ஆனால் கட்டாயம் தடுக்கச் சொல்வது கையில் பிடிக்கும் போனைத்தான். காரணம் புரிகிறது. கையில் இருக்கும் போன் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். மனம் எங்கே போயிருக்கிறது என்பது தெரியாது. சட்டத்தின் கோடு அங்கே நிற்கிறது என்பதற்காக ஆபத்தும் அங்கேயே நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வாகன உற்பத்தியாளர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, திரையில் செய்யும் ஒரு வேலைக்காகக் கண் சாலையை விட்டு ஒரு தடவைக்கு 2 வினாடிக்கு மேல் விலகக் கூடாது. அந்த வேலை முழுவதற்கும் சேர்த்து 12 வினாடிக்கு மேல் போகக் கூடாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். ஒரு பார்வைக்கு 50 மீட்டர் சாலையைப் பார்க்காமல் கடக்கிறோம். நேரான, காலியான, காய்ந்த சாலையில் அதைத் தாங்கிக்கொள்ளலாம். மூடுபனியில் ஐம்பது மீட்டர்தான் தெரிகிறது, வேகத்தை 45க்குக் குறைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அதே 2 வினாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். தெரியும் தூரத்தில் பாதி அதிலேயே தீர்ந்தது. மீதிப் பாதியில் ஈரச் சாலையில் பிரேக் பிடித்து நிற்க வேண்டும்.

அதனால் நல்ல நாளில் பரவாயில்லை என்று விடக்கூடிய ஒன்று, கனமழையிலும் பனியிலும் இரவுக் கண்கூச்சத்திலும் கொண்டை ஊசி வளைவிலும் அறிமுகமில்லாத நகரத்து நெரிசலிலும் அப்படி விடக்கூடியது அல்ல. கீழே வருவதெல்லாம் அந்தக் கடினமான நேரத்துக்கான ஒப்பீடு.

பட்டனா, திரையா, குரலா

என் மழை இரவு தனிப்பட்ட அனுபவம் மட்டும் அல்ல. ஸ்வீடனின் வி பிலாகரே என்ற கார் இதழ் 2022இல் ஒரு விமான ஓடுதளத்தில் 11 புதிய கார்களையும் 2005ஆம் ஆண்டின் பழைய வோல்வோ ஒன்றையும் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டிப் பார்த்தது. சூட்டைக் கூட்டுவது, கண்ணாடியின் ஆவியைப் போக்கும் காற்றைப் போடுவது, வானொலியில் நிலையம் மாற்றுவது மாதிரியான நான்கு எளிய வேலைகள். ஓட்டுநர்களுக்கு வண்டியை முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்திருந்தார்கள். பட்டன் வைத்த பழைய வோல்வோவில் எல்லாம் முடிய 10 வினாடி, 306 மீட்டர். மிக மோசமான புதிய வண்டியில் 1,372 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கும் மேல்!

விரலுக்கு நினைவு உண்டு. திருகும் குமிழையும் மேடான பட்டனையும் கண் உதவியில்லாமல் கை கண்டுபிடிக்கும். வழவழப்பான திரையில் விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். அழுத்தியது பதிந்ததா என்பதையும் கண்தான் பார்க்க வேண்டும். புதிய கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் தன் மதிப்பீட்டில் இண்டிகேட்டர், ஹசார்டு லைட், ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனி பட்டனோ நெம்புகோலோ இருப்பதைக் கணக்கில் எடுக்கிறது. புது வண்டி வாங்கப் போகிறவர்கள் திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: கண்ணாடியில் ஆவி பிடித்தால் எதைத் தொட வேண்டும்? ஷோரூமில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே திரை வண்டிதான் இருக்கிறது என்றால்? குரலில் சொல்லலாமே என்பார்கள். பிரிட்டனின் டி.ஆர்.எல். என்ற போக்குவரத்து ஆய்வு நிறுவனம், போனில் இருப்பதை வண்டித் திரைக்குக் கொண்டுவரும் ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் ஆப்பிள் கார்பிளேயையும் 2020இல் சிமுலேட்டரில், அதாவது சாலையைத் திரையில் காட்டும் மாதிரி வண்டியில், சோதித்தது. தொட்டு இயக்கும்போது ஓட்டுநரின் எதிர்வினை நேரம் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் கார்பிளேயில் 57 சதவீதமும் நீண்டது. குரலில் இயக்கும்போது 30, 36 சதவீதம். அதே நிறுவனத்தின் முந்தைய ஆய்வுகளில் சட்ட எல்லையளவு மது குடித்து ஓட்டியவர்களுக்கு இது 12 சதவீதமாக இருந்தது. குரல் தொடுதிரையைவிட மேல் என்பது உண்மை. அதற்காக அதைப் பாதுகாப்பானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குரல் கட்டளையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாம் சொன்னது அதற்குப் புரியாவிட்டால் இரண்டாம் முறை சத்தமாகச் சொல்கிறோம், மூன்றாம் முறை கோபமாகச் சொல்கிறோம், கடைசியில் திரையைப் பார்க்கிறோம். கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் அதற்குப் புரியாமல் போகும் வாய்ப்பு கூடுதல். சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் ஏஏஏ அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தினர் செய்து 2015இல் வெளியான ஆய்வு, மோசமான சில குரல் அமைப்புகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் மனம் முழுதாகச் சாலைக்குத் திரும்ப 27 வினாடி வரை ஆகிறது என்றது. மூடுபனியில் நாம் ஊர்ந்து போகும் அந்த 45 கிலோமீட்டர் வேகத்திலும் அது முந்நூறு மீட்டருக்கு மேல். சிவப்பு விளக்கில் நின்று மெசேஜ் பார்ப்பவர்களும் இதை நினைக்க வேண்டும். விளக்கு பச்சையாகிவிடும், மனம் அந்த மெசேஜிலேயே நிற்கும்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீ பேச்சும் பக்கத்து சீட் பேச்சும்

இந்தக் கட்டுரையில் நான் மல்லுக்கு நிற்க விரும்புவது இங்கேதான். ஏனென்றால் பொறுப்பாக ஓட்டுகிறவர்கள், கையில் போனைத் தொடாதவர்கள், மனசாட்சியோடு தேர்ந்தெடுக்கும் வழி ஹேண்ட்ஸ்ஃப்ரீ. நானும் பல வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டு ஓட்டினேன்.

ரெடல்மேயர், டிப்ஷிரானி என்ற இருவர் டொராண்டோவில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் போன் பதிவுகளைப் பார்த்து 1997இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்: போனில் இருக்கும்போது மோதும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. ஹேண்ட்ஸ்ஃப்ரீ போனால் அதில் எந்த அனுகூலமும் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களை வைத்து நடந்து 2005இல் வெளியான ஆய்வும் அதே நான்கு மடங்கைச் சொன்னது. அங்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு விலக்கு இல்லை. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயரும் அவரது குழுவும் 2006இல் சிமுலேட்டரில் போன் பேசும் ஓட்டுநரையும் ரத்தத்தில் 0.08 சதவீதம் மது ஏறிய ஓட்டுநரையும் ஒப்பிட்டு, போன் பேசுபவரின் பாதிப்பு குடித்தவரின் பாதிப்புக்குக் குறைந்தது அல்ல என்றார்கள். கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதே முடிவு. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில் ஹேண்ட்ஸ்ஃப்ரீயையும் சேர்த்தே தடுக்கச் சொன்னது இந்தப் பின்னணியில்தான்.

அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதும் அதேதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதையும் அதே குழு 2008இல் சோதித்தது. நெடுஞ்சாலையில் பேசிக்கொண்டே போய், ஓர் ஓய்விடத்தில் திரும்பி நிறுத்த வேண்டும். போனில் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் திருப்பத்தைத் தவறவிட்டுத் தாண்டிப் போய்விட்டார்கள். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள்.

காரணம் பேச்சிலேயே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் முன்னால் லாரி பிரேக் பிடிப்பதைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். "பாத்து, பாத்து" என்பார். நெரிசல் வந்தால் பேச்சே சாலையைப் பற்றியதாக மாறும். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து கேட்கும் அவருக்கு நம் மௌனம் பதில் சொல்லத் தயங்குவதாகத்தான் படும். "என்ன, லைன்ல இருக்கியா?" என்று கேட்பார். நாமும் அவரைச் சமாதானப்படுத்த வளைவின் நடுவில் பதில் தேடுவோம். கண் சாலையில்தான் இருக்கும். பார்ப்பது பதியாது.

பக்கத்து சீட் எப்போதும் வரம் என்றும் சொல்ல மாட்டேன். புதிதாக உரிமம் வாங்கிய இளைஞர் தன் வயது நண்பர்களை ஏற்றிக்கொண்டு போனால் ஆபத்து கூடுகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். சண்டையைத் தொடர்ந்துகொண்டு வருபவரும், பின் சீட்டில் அழும் குழந்தையும் போனைவிடக் கடுமையாக இழுப்பார்கள். குழந்தைக்குக் கையைப் பின்னால் நீட்டிப் பாட்டிலைக் கொடுக்க முயலாதீர்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஓட்டத் தெரிந்த, வழியைப் பார்க்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் போனை அவர் கையில் கொடுத்துவிடுவது நான் அறிந்த எந்தக் கருவியையும்விட நல்ல ஏற்பாடு. போன் எடுப்பது, மேப் பார்ப்பது, ஏசி திருப்புவது எல்லாம் அவர் வேலை. இதைப் புறப்படும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். "அண்ணி, மேப் உங்க பொறுப்பு. திரும்பறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, எனக்குக் காட்ட வேணாம்" என்று நான் சொல்வேன். அந்தக் கடைசிச் சொல் முக்கியம். பாசத்தோடு போனை நம் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுபவர்கள் நிறைய.

மேப்: பார்ப்பதா, கேட்பதா

தனியாகப் போகும்போது மேப்பை முழுதாக விட்டுவிட முடியாது. தெரியாத ஊரில் வழி தேடித் தடுமாறுவதும் ஒரு கவனச் சிதறல்தான். படத்தைப் பார்த்து ஓட்டுவதைவிடக் குரலை மட்டும் கேட்டு ஓட்டுவது மேல். குரல் கட்டளைபோல் இதில் நாம் எதையும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. காதில் விழுவதைச் செய்தால் போதும். இரவில் இதன் பலன் இன்னும் கூடும்: பிரகாசமான திரையைப் பார்த்த கண் இருட்டுக்குத் திரும்பப் பழகச் சற்று நேரம் பிடிக்கிறது, அந்த இடைவெளியில் சாலையோரம் நடந்து போகிறவர் கண்ணில் படாமல் போவார். நான் திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுக் குரலைக் கூட்டிவைக்கிறேன்.

ஸ்டாண்டு வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கியர் பக்கத்தில் தாழ வைத்தால் ஒவ்வொரு பார்வைக்கும் தலை குனிகிறது. முன் கண்ணாடியில் உயர வைத்தால் சாலையின் ஒரு துண்டு மறைகிறது. வளைவில் எதிர்வரும் வண்டி அந்தத் துண்டுக்குள் இருக்கக்கூடும். டேஷ்போர்டின் மேல்விளிம்பை ஒட்டி, பார்வைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, காற்றுப்பை விரியும் பாதையில் இல்லாமல் வைப்பது இந்த இரண்டுக்கும் நடுவான வழி. போகுமிடத்தைப் புறப்படும் முன்னே போட்டுவிட வேண்டும். சிக்னல் விட்டுப்போகும் மலைப்பகுதி என்றால் மேப்பை முன்பே இறக்கிவைக்க வேண்டும். வழி தவறினால் தவறட்டும், அதுவே வேறு வழி சொல்லும். திருத்த முயன்று திரையைத் தட்டுவதுதான் வினை.

பாட்டு விஷயத்தில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. தானாக ஓடட்டும், தேடிப் போடாதீர்கள், மழை வலுத்தால் நிறுத்திவிடுங்கள், டயர் சத்தமும் எதிர்ஹார்னும் கேட்க வேண்டும். சாப்பிடுவதைப் பற்றி எழுதவே தேவையில்லை. ஆனால் தண்ணீர் பாட்டில் பற்றி எழுத வேண்டும். இறக்கத்தில் பாட்டில் உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போனால் காலை அழுத்தியும் பிரேக் இறங்காது. கதவுப் பையில் அதை அடக்கி வையுங்கள். போன், குடை, செருப்பு, எல்லாவற்றுக்கும் இதேதான்.

ஒதுக்கிவைப்பதா, அடக்கிவைப்பதா

போனை என்ன செய்வது என்பதில் மூன்று வழிகள் உண்டு: அணைத்துவிடுவது, எட்டாத இடத்தில் போடுவது, ஓட்டும்போது தொந்தரவு செய்யாத பயன்முறையில் வைப்பது. ஆப்பிள் போன்களில் இந்தப் பயன்முறை 2017இல் ஐஓஎஸ் 11 உடன் வந்தது. ஆண்ட்ராய்டு போன்களிலும் இருக்கிறது. மெசேஜ் அனுப்புகிறவருக்கு, ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தானாகவே பதில் போகும்படி வைக்கலாம். அந்தப் பதிலின் அருமை எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. எடுக்காவிட்டால் அவர்கள் பயப்படுவார்களே என்ற நினைப்புதான் நம் கையைப் போனுக்கு இழுக்கிறது. அந்த நினைப்பை அது தீர்த்துவைக்கிறது. ஆனால் ப்ளூடூத்தில் வண்டியோடு இணைந்திருந்தால் அழைப்புகள் உள்ளே வரக்கூடும்; அமைப்பில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மனவலிமையை நம்பி மடியிலோ பக்கத்து சீட்டிலோ போனைக் கவிழ்த்துப் போட்டுவைப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. அது துடிக்கும்போது, பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதே ஒரு வேலை. மேப் தேவையில்லாத பயணத்தில் க்ளவ் பாக்ஸ். தேவையான பயணத்தில் தொந்தரவு செய்யாத பயன்முறையோடு ஸ்டாண்டு.

விமானத் துறை இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. 1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் மூடுபனிக்கு நடுவே தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 212 விமானம் ஓடுதளத்துக்கு முன்பே விழுந்தது. 72 பேர் இறந்தார்கள். இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். இதுவும் இது மாதிரியான மற்ற விபத்துகளும் சேர்ந்து 1981இல் ஒரு விதியைக் கொண்டுவந்தன: தரையில் ஓடும்போதும், ஏறி இறங்கும்போதும், ஒரே உயரத்தில் சீராகப் பறக்கும் நேரம் தவிர 10,000 அடிக்குக் கீழே இருக்கும்வரை, பறப்பதற்குத் தேவையில்லாத பேச்சும் செயலும் கூடாது. உயரே, அமைதியான நேரத்தில் பேசிக்கொள்ளலாம். இந்த விதி கருவியைத் தடுக்கவில்லை, நேரத்தைக் குறிக்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. என் வண்டிக்கும் இப்படியொரு கோடு போட்டுவைத்திருக்கிறேன்: வைப்பர் இரண்டாம் வேகத்துக்குப் போனால், பனி விளக்கு போட்டால், மலை ஏறத் தொடங்கினால் வண்டிக்குள் பேச்சு நிற்கும், பாட்டு நிற்கும். அந்த நொடியில் யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை, வைப்பரே முடிவெடுத்துவிடுகிறது.

ஒரே ஒரு நிலைமைக்கு இந்த ஒப்பீட்டில் சுலபமான விடை கிடைக்கவில்லை. தனியாகப் போகிறோம், வெளியே பனி, மருத்துவமனையில் இருக்கும் ஒருவரைப் பற்றிய போன் எந்த நேரமும் வரலாம். போனை எடுக்காமல் போனாலும் மனம் முழுக்க அங்கேதான் இருக்கும். அக்கா அறுவை சிகிச்சைக்குப் போன அன்று நான் அப்படித்தான் ஓட்டினேன். புறப்படும் முன் மாமாவைக் கூப்பிட்டு, "மாமா, நான் அரை மணிக்கு ஒரு தடவை ஓரமா நிறுத்திப் பேசுறேன். நடுவுல நீங்க கூப்பிட்டா எடுக்க மாட்டேன், தப்பா நெனைக்காதீங்க" என்றேன். "சரிப்பா, நீ பாத்து வா" என்றார். அரை மணிக்கு ஒரு தடவை, சாலையை விட்டு முழுதாக விலகி நிறுத்த இடம் கிடைத்ததும் நிறுத்தினேன். பேசி முடித்துவிட்டு உடனே கிளம்பாமல் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி நேரப் பயணம் ஐந்தேகால் மணி நேரம் ஆனது. போய்ச் சேர்ந்தபோது அக்கா கண் விழித்திருந்தாள்.